ஒட்டகத்தின் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்

போன பங்குனியில் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். குளிர்காலம் முழுவதும் தெருவில் நின்ற என் மோட்டார் சைக்கிளின் உறையை அப்போதுதான் கழற்றியிருந்தேன். செயின் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. சில்லுக் கம்பிகளிலும் கறள் பிடித்திருந்தது.

"வாற பங்குனியிலை நானே வந்து பாப்பன். ஒரு பொட்டுக் கறள் இருந்தாலும் வித்துப்போட்டு பஸ்ஸிலை போங்கோ."

"ஓம்" என்றேன். அவள் சொன்னதில் பிழை இல்லை. பனி உறையாமல் உப்புத் தூவிய வீதியில் கடைசியாக ஓடிவிட்டு, கழுவாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையால் மூடியவன் நான். அதற்கு முந்திய வருடம் பனியில் வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டதால், மார்கழி தொடக்கம் பங்குனி வரை ஓடுவதில்லை என்றும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

எனக்கு ஆட்களோடு பேச வராது. தலைக்கவசம் போட்டவனிடம் ஒருவரும் சுகம் விசாரிப்பதில்லை. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் வீட்டிலிருந்து இல்ஃபோர்ட்டில் வேலை செய்யும் கடைக்குப் போகிற, திரும்பி வருகிற நேரம்தான் என் மனம் ஓரிடத்தில் நிற்கும். அதை விற்றால் என்ன செய்வேன் என்று நினைக்கவே முடியவில்லை.

எங்களுடையது மாடி வீடு. கராஜ் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்று அடித்தால் ஜன்னலுக்குப் போவேன். மழைக்குப் பயந்து பஸ்ஸில் போன நாட்களில், வரும்போது ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி, உறை விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் செங்கல்லால் கட்டிய சாமான் அறை ஒன்று உண்டு. சுவரில் ஈரம் ஏறாத அறை. அதைக் கேட்க வேண்டுமென்று மூன்று ஞாயிறு போனேன். மூன்று ஞாயிறும் கேட்காமல் வந்தேன். நாலாவது ஞாயிறு, அறையின் பூட்டுத் திறப்பு வைத்திருக்கும் மன்னார் ஊர் அக்காவே பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, பூசை முடிஞ்சு எல்லாரும் போயிட்டினம். நீங்கள் தூணோடை நிக்கிறியள்?"

"சாமான் அறையிலை கொஞ்சம் இடம் கிடைக்குமோ அக்கா?"

"ஆருக்கு?"

"மோட்டார் சைக்கிளுக்கு."

"நான் நினைச்சன் மனிசி வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டா எண்டு" என்றார். "இப்ப ஏலாது. உள்ளை மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, ஒட்டகம் எண்டு சிலையள் எல்லாரும் நிக்கினம். கிறிஸ்மசுக்குப் பாலன் குடில் கட்ட அவையள் கோயிலுக்குள்ளை போவினம். அப்ப விடுங்கோ. தை முதல் கிழமை மூண்டு ராசாக்கள் திருநாள் முடிய எல்லாரும் திரும்பி வந்திடுவினம், சொல்லிப்போட்டன்."

பங்குனி வரை வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன்.

குடில் கட்டிய கிழமை, மழை இல்லாத ஒரு நாளில் வேலையைத் தொடங்கினேன். தாங்கியில் பெற்றோலை வாய்முட்ட நிரப்பினேன். உள்ளே காற்று நின்றால் அங்கேயும் கறள் பிடிக்கும். இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய சாரத் துணியால் துடைத்து, இயந்திரத்தைச் சூடாக்கி, கறுத்த ஒயிலை வடித்துப் புதியது ஊற்றினேன். செயினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு தேய்த்து, காயவிட்டு, ஒயில் பூசினேன். அறைக்குள் தள்ளிக்கொண்டு போய், ரயர்களுக்குக் கீழே பலகை வைத்து, புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்தேன். இந்தமுறை பிளாஸ்டிக் இல்லை, பருத்திப் படுக்கை விரிப்பு. பற்றறியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜரில் போட்டேன்.

"அதுக்கும் ஒரு தலைகாணி வைச்சுவிடுங்கோவன்" என்றாள் மனைவி.

நத்தார்ப் பூசையில் எல்லோரும் குடிலில் கிடந்த பாலனைப் பார்த்தார்கள். நான் ராசாக்களோடு நின்ற ஒட்டகத்தைப் பார்த்தேன். என் இடுப்பளவு உயரம். அதன் முதுகு எவ்வளவு அகலம், அறையில் என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் எப்படி நிற்கும் என்பதே யோசனை. குடில் கோயிலிலேயே நிற்கட்டும் என்று மன்றாடியவன் அந்தக் கோயிலில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ராசாக்கள் திருநாள் முடிந்த சனிக்கிழமை வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. வழியெல்லாம் உப்பு வெள்ளையாகக் கிடந்தது. இந்த வீதியில் மோட்டார் சைக்கிளை இறக்கினால் செய்ததெல்லாம் வீண். உதவிக்கு வந்தவன்போல நான் குடிலின் வைக்கோலை அள்ளினேன். மாதாவையும் சூசையப்பரையும் மூலையில் சாய்த்தோம். மாட்டையும் கழுதையையும் சுவரோடு நெருக்கினோம். ராசாக்கள் அலுமாரிக்கு மேலே ஏறினார்கள்.

"இனி ஒட்டகம்தான். தம்பி, உங்கட வாகனத்தை எடுங்கோ."

"ஒட்டகத்தை நான் வீட்டை கொண்டுபோறன்" என்றேன்.

வைக்கோல் கட்டியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எப்ப மட்டும்?"

"பங்குனி வரும் மட்டும்."

"ஃபாதரிட்டை நான் சொல்லுறன்" என்று போனார். ஃபாதருக்குத் தமிழ் தெரியாது. அவர் கதவடிக்கு வந்து என்னையும் ஒட்டகத்தையும் மாறிமாறிப் பார்த்து, கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அது முன்பு ஒருமுறை உடைந்து ஒட்டியது என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். உள்ளே வெறுங்கூடுதான், பாரம் அதிகமில்லை. ஆனால் ஒரு போர்வையால் சுற்றியும் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கடைவீதியான ஹை ஸ்ட்ரீட் நோர்த் முழுக்கச் சனம். குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். நகைக்கடை வாசலில் நின்ற ஒருவர், "அண்ணை, என்ன விலை?" என்றார்.

"விக்கிறேல்லை" என்றேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு அவ்வளவு உரத்து நான் பதில் சொன்னதில்லை.

மனைவி கதவைத் திறந்தபோது அவள் காதில் ஃபோன் இருந்தது. "பிறகு எடுக்கிறன் அக்கா. மோட்டார் சைக்கிளுக்கு இடம் பாக்கப் போன மனிசன் ஒட்டகத்தோடை வந்து நிக்கிறார்."

தையும் மாசியும் அது எங்கள் நடையில் நின்றது. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அதில் இடித்துக்கொள்வோம். அவள் அதன் முதுகில் கையுறைகளைக் காயப்போட்டாள். எனக்கோ இருக்க முடியவில்லை. ஏதாவது சாட்டுச் சொல்லிக் கோயிலடிக்குப் போய், பூட்டிய அறையின் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கத் துணிவு வரவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், மனைவியே அக்காவிடம் திறப்பு வாங்கினாள். நான் விரிப்பை இழுத்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து, கோயில் உடுப்போடு குந்தியிருந்து, செயினை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டாள். ரிம்மைச் சுற்றித் தேய்த்தாள். பிறகு எழுந்து வாசல் வெளிச்சத்தில் டிஷ்யூவை விரித்துப் பிடித்தாள்.

என் கண்ணுக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்தது. அவள் அதைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள்.

"ஒயில்தான்" என்றாள். "பற்றறியைக் கொண்டுவந்து பூட்டுங்கோ."