வெறும் வானம் என்று நினைத்த இடம்

எழுபதுகளின் நடுவில் இரண்டு வருடம் வெளிநாட்டில் ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டு அழுதேன். நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தில் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு இருக்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. இருந்தால், அது விடும் மெல்லிய ரேடியோ அலை, மெஷினின் பேனா கோடு இழுக்கும் சார்ட் பேப்பரில் மேடாக எழும். எழவில்லை. ஒன்றுமில்லை என்று எழுதி முடித்துவிடு என்றார் பேராசிரியர். காகிதச் சுருள்களோடு திருவள்ளூர் வந்து சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஃபேக்டரி வேலை. நான் இல்லாத காலமெல்லாம் ஹோட்டல் சாப்பாட்டில் ஓட்டியவர். ஒன்றுமில்லை, இனி போக வேண்டாம் என்றதும் வந்த சந்தோஷத்தை அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லி, கோயிலில் புளியோதரைத் தளிகைக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தோல்விக்குத் தளிகையா?

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் பஸ் ஏறியதும் கூடத்தில் காகிதங்களை விரிப்பேன், சுருட்டுவேன், மறுபடி விரிப்பேன். மேடு இல்லை, சரி. ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. மெஷின் கோளாறு என்று நாங்கள் தள்ளிவிட்டது. ஒருநாள் வெவ்வேறு மாதத்துக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கோளாறு என்றால் ஒரே இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? பூமி சூரியனைச் சுற்றுவதால் வானத்து அலை மட்டும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் இடம் மாறும்; அதே கணக்குக்குச் சரியாக அது நகர்ந்திருந்தது. அப்படியென்றால் அது வானத்திலிருந்து வந்ததுதான்.

எங்கள் தொழிலில் மண்டலத்தை ஒரு தடவை, பக்கத்து வெறும் வானத்தை ஒரு தடவை பார்த்து, வானத்தில் கிடைத்ததை மண்டலத்தில் கிடைத்ததிலிருந்து கழிப்போம். மெஷினின் சொந்த இரைச்சல் போய்விடும். மண்டலத்தின் போட்டோவில் நட்சத்திரங்கள் முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால் வெறும் வானம் என்று குறித்தது நான்தான். வாயு அங்கேயும் பரவிக் கிடந்திருக்கிறது, நடுவில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே; அந்தக் கூடுதல்தான் பள்ளமாக விழுந்திருக்கிறது. இருந்ததையெல்லாம் நானே கழித்துத் தள்ளியிருக்கிறேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நகர்ந்தது நிஜம்தானா என்று கேட்டார். நிஜம் என்றேன்.

"அப்போ இன்னும் தள்ளி ஒரு வெறும் இடத்த வெச்சுண்டு மறுபடி பாக்கணும். இங்கேந்து முடியாது, இல்லையா?"

முடியாது என்றேன். சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

"இந்தத் தடவ எத்தன வருஷம்?"

தெரியாது என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், பள்ளம் எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அதன்மேல் வைத்த விரலை அவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.