கடைசிக்கு முந்தின பக்கம்

தென்காசியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம் நடக்கும். வாரநாட்களில் நான் வரலாற்று ஆசிரியர். ஞாயிறன்று அதே வகுப்பறையில் பி.ஏ. பொது நிர்வாகம் படிக்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பேன். அவர்கள் எழுதித் தரும் அசைன்மென்டுகளையும் திருத்துவேன். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது வேலையில் இருப்பவர்கள். ஜவுளிக்கடையில் நிற்பவர், மின்கம்பம் ஏறுகிறவர், அங்கன்வாடி டீச்சர், நிறைய போலீஸ்காரர்கள்.

திருத்துவேன் என்று எழுதிவிட்டேன். உண்மையில் நான் செய்தது வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் அறையில் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் பக்கத்தில் பெயரும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் முடித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இடையில் உள்ளவற்றைப் புரட்டப் புரட்டச் சிவப்பு மையால் பக்கத்துக்கு ஒரு டிக். கையெழுத்து அழகாக இருந்தால் இருபத்தைந்துக்கு இருபது, சுமாராக இருந்தால் பதினேழு. யாரும் தோற்கமாட்டார்கள் என்பதால் யாரும் புகார் சொன்னதில்லை. பக்கத்து மேசைக்காரரும் அப்படித்தான் செய்தார். தபாலில் படிக்கிறவர்கள் என்ன புதிதாக எழுதிவிடப் போகிறார்கள், அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத்தானே எழுதுகிறார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அதிகம் பேசியவன் நான்தான்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு. சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. வகுப்புக்கு ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். சாயங்காலம்வரை நடத்த வேண்டியதைப் பதினொரு மணிக்கே முடித்தேன். வருகைப் பதிவேட்டில் முழு நாளுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று காலையிலேயே மனைவி சொல்லியிருந்தாள். அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனேன்.

பேரருவியில் கூட்டம் சொல்லி முடியாது. பெண்கள் குளிக்கும் பக்கம் போகிற வரிசையில், வாயில் விசிலோடு ஒரு பெண் காவலர் நின்றார். சீருடை முழுக்க நனைந்திருந்தது. நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

“கிளாஸ் முடிஞ்சிட்டா சார்?”

நான் விழித்தேன். யார் என்று தெரியவில்லை.

“உங்ககிட்டதான் சார் பி.ஏ. படிக்கேன், மூணாம் வருஷம். மே மாசம் மொத கிளாசுக்கு வந்தேன். அப்புறம் சீசன் டியூட்டி போட்டுட்டாவ. ஞாயித்துக்கிழமை லீவுன்னு வாயைத் தொறக்க முடியாது. நீங்க ஒத்துக்கிட்டது பெரிய உதவி சார்.”

எதை ஒத்துக்கொண்டேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். பக்கத்தில் மனைவி நின்றாள். ஒரு போலீஸ்காரர் எனக்கு நன்றி சொல்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. “நல்லா எழுதுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆண்கள் பக்கம் போனேன்.

நவம்பரில் ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு மூத்த பேராசிரியர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். போனால், அவருக்கு எதிரே அந்தப் பெண் காவலர் உட்கார்ந்திருந்தார். சேலை கட்டியிருந்ததால் ஒரு நிமிடம் கழித்துத்தான் அடையாளம் தெரிந்தது. மேசைமேல் ஒரு அசைன்மென்ட் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

எட்டு ஞாயிறுகளில் ஆறுக்காவது வந்தால்தான் தேர்வெழுதலாம் என்பது பல்கலைக்கழக விதி. அவர் வந்தது இரண்டு. ஹால் டிக்கெட் வரவில்லை.

“இதைப் பாரும்” என்று அண்ணாச்சி காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

கடைசிக்கு முந்தின பக்கம். விடை பாதியில் முடிந்திருந்தது. மீதி இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, அதற்குள் எழுதியிருந்தார். ஆகஸ்ட் முடியும்வரை குற்றாலத்தில் பணி, ஞாயிறு வகுப்புக்கு வர இயலாது, அந்தந்த வாரப் பாடத்தை எழுதி அனுப்பினால் வருகையாக ஏற்றுக்கொள்வீர்களா, இயலாது என்றால் செப்டம்பரில் திருநெல்வேலி மையத்தில் நடக்கும் வகுப்பில் சேர்ந்துகொள்கிறேன். ஐயா அவர்கள் தயவுசெய்து பதில் தரவும்.

கட்டத்தின் நடுவில் என் சிவப்பு டிக் இருந்தது.

அது மட்டுமில்லை. அந்த டிக்கை நம்பி அவர் ஜூலையிலும் ஆகஸ்டிலும் எழுதிக் கொடுத்தனுப்பிய ஐந்து பாடங்களும் கட்டோடு கட்டாக என் மேசைக்கு வந்து, பக்கத்துக்கு ஒரு டிக் வாங்கித் திரும்பிப் போயிருந்தன. அவற்றையும் கொண்டுவந்திருந்தார்.

“மையத்துல எத்தனை தடவை போன் அடிச்சும் யாரும் எடுக்கல சார். அதான் அதுலயே எழுதிக் கேட்டேன்” என்றார் என்னிடம். குற்றம் சொல்லும் குரலே இல்லை.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம மையத்துத் தப்பால வருகை குறைஞ்சிருந்தா, நாம எழுதிக் குடுத்தா யூனிவர்சிட்டி தளர்த்தும்வே. விதி இருக்கு. பாக்காம டிக் போட்டுட்டேன்னு நீரு ஒரு கடுதாசி குடுத்தாப் போதும். சொல்லும், படிச்சிட்டுப் போட்டீரா, படிக்காமப் போட்டீரா?”

அந்தக் கடிதம் போனால் நான் திருத்திய மற்றக் கட்டுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கல்லூரியில் பேசுவார்கள். பதவி உயர்வுக்கான கோப்பு அப்போது மேலே போயிருந்தது.

“படிச்சேன் அண்ணாச்சி” என்றேன். “டிக் போட்டா பக்கத்தைப் பாத்தாச்சுன்னு அர்த்தம். அதை அனுமதின்னு இவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு தெரியல.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அவசரமில்லாமல், ஒரு ஆளை விசாரிக்கிற மாதிரி பார்த்தார்.

“படிச்சீங்கன்னா, முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்லா சார். நான் திருநெல்வேலிக்குப் போயிருப்பேன்.”

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் சொன்னதற்கு மேலே அவர் எதையும் எழுத முடியாது.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பெண் வெளியே வந்ததும் வராந்தாவில் பின்னாலேயே போய், குரலைத் தாழ்த்தி, “பதிவேடு என்கிட்டதான் இருக்கு. விட்டுப்போனதுல நாலு ஞாயித்துக்கிழமைக்குக் கையெழுத்துப் போட்டிருங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவர் நின்றார். “அந்த நாளெல்லாம் அருவிக்கரை டியூட்டி ரெஜிஸ்டர்லயும் என் கையெழுத்து இருக்கு சார். ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நான் எப்படி இருந்திருக்க முடியும்?”

பிறகு, “வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். என் யோசனை அவருடைய வேலைக்கே உலை வைத்திருக்கும். அதைக்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அசைன்மென்டை அவர் அண்ணாச்சியின் மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். மறுநாள் அதை வாங்கிவந்து முதல்முறையாகப் படித்தேன். பொது இடங்களில் கூட்ட நிர்வாகம் பற்றிய கேள்வி. புத்தகத்திலிருந்து எடுத்தது ஒன்றரைப் பக்கம்தான். மீதி முழுவதும் அவர் கண்ணால் பார்த்தது. தண்ணீர் வரத்து கூடிச் சைரன் ஊதும்போது ஆண்கள் ஓடிவிடுகிறார்கள். பெண்கள் மாற்றுத்துணிப் பையைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் பை வைக்கும் இடத்தைப் படிக்கட்டுக்கு மேலே மாற்ற வேண்டும் என்று எழுதி, ஒரு படமும் வரைந்திருந்தார். படத்தின் குறுக்கே ஒரு டிக். மொத்தம் பதினேழு மதிப்பெண். கையெழுத்து சுமார்.

அந்த வருஷம் துறையில் இருப்பவர்களுக்கான எஸ்.ஐ. தேர்வு அறிவிப்பு வந்தது. பட்டம் கேட்டிருந்தார்கள். அவரிடம் பட்டம் இல்லை. இதை அவர் சொல்லவில்லை. அவரோடு படித்த இன்னொரு காவலர் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்காகத்தான் அவர் பி.ஏ. சேர்ந்ததே என்றும், வயது வரம்பு நெருங்குகிறது என்றும் சொன்னார். எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் இனிப்பு கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் அவர் மறுபடியும் பதிவு செய்து வகுப்புக்கு வந்தார். சிவகிரிக்கு மாற்றலாகியிருந்தது. அங்கிருந்து காலையில் பஸ் ஏறி எனக்கு முன்பே வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எட்டு ஞாயிறும் வந்தார். ஒரு நாளும் நான் சீக்கிரம் விடவில்லை. அசைன்மென்டுகளையும் வரிவரியாகப் படித்தேன். படித்து எழுதிய குறிப்புகளை அவர் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“போன வருஷம் நான் படிக்கலை. படிச்சேன்னு பொய் சொன்னேன்.”

“தெரியும் சார்” என்றார். பையின் ஜிப்பை இழுத்தார். “அன்னைக்கே தெரியும். ஸ்டேஷன்ல தெனம் பாக்குதோம்லா.”

“பயந்துட்டேன்.”

“எல்லாரும் அதத்தான் சார் சொல்லுவாவ.”

யூனிவர்சிட்டிக்கு இப்போதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு மலிவான கேள்வி என்று தெரிந்தது. அவர் பையைத் தோளில் மாட்டினார். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் சிவகிரி போய்ச் சேர ராத்திரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மன்னித்தார் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அவர் முதல் வகுப்பில் தேறினார். பட்டச் சான்றிதழை வாங்க அவர் வந்த நாளில் நான் கல்லூரியில்தான் இருந்தேன். ஆசிரியர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்த எஸ்.ஐ. அறிவிப்பு இதுவரை வரவில்லை. வயது வரம்புக்கு அவருக்கு இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. நான் கேட்கவில்லை.