பறையை விட்ட வீடு

நைனா செத்த அன்று காலையில் பருத்திப்பட்டுப் பெரிய வீட்டிலும் ஒரு சாவு விழுந்தது. அந்த வீட்டுக் கிழவி வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவள். நைனாவுக்கு, என் தகப்பனுக்கு, வெறும் காய்ச்சல்தான் வந்தது. விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. அம்மா அழத் தொடங்கி, தெருவில் நாலு பேர் கூடுவதற்குள் பெரிய வீட்டு ஆள் சேரிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான். மேளக்காரர்கள் உடனே வரவேண்டுமாம்.

எங்கள் குடும்பம் அந்த ஊருக்குப் பறை அடித்த குடும்பம். ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் நாங்கள் போய் அடிக்க வேண்டும். வர முடியாது என்று சொல்லும் வழக்கமே கிடையாது. கூலி என்று எதுவும் பேசுவதில்லை. அறுவடைக் களத்தில் அவர்களாகப் பார்த்து அளந்து போடுவதுதான்.

அண்ணன் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று போனான். நானும் கூடப் போனேன். பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"எங்க நைனா பூட்டாருங்க. இன்னிக்கு மட்டும் வேற ஊர் ஆளுங்கள கூப்டுக்கங்க" என்றான் அண்ணன்.

"உங்கப்பன் எங்கடா போவப் போறான்? அங்கியேதான் கெடப்பான். எங்கம்மாவ எடுத்தப்புறம் போய் அவன எடு."

அவர் கோபப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

அடித்தோம். தூரத்து உறவெல்லாம் வந்து சேரட்டும் என்று கிழவியைப் பொழுது சாயும் வரை வைத்திருந்தார்கள். வாசலில் அடித்தோம், ஏரிக்கரையில் அடித்தோம், சுடுகாடு வரைக்கும் அடித்துக்கொண்டே போனோம். நடுவில் ஒருவன், "இன்னாடா, கை செத்துப்பூச்சா? நல்லா அடி" என்றான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தான். வீட்டுக்கு வந்தபோது அம்மா நைனாவின் முகத்தில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். சித்திரை மாத வெயில். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நைனாவை மேளம் இல்லாமல் புதைத்தோம். ஊருக்கெல்லாம் அடித்தவனுக்கு ஒரு அடி இல்லையா என்று அம்மாவே கேட்டாள். "இனிமே அத்த என் கையால தொட மாட்டேன்" என்றான் அண்ணன். அப்படியே செய்தான்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் நேற்றுவரை வெறும் காடாகக் கிடந்த இடமெல்லாம் பட்டாளத்துக் கொட்டகையாகிவிட்டது. நாங்கள் இருவரும் அங்கே மூட்டை தூக்கப் போனோம். யார் எந்தத் தெரு என்று அங்கே கேட்கவில்லை. எங்கள் மேல் அன்பு என்று நினைக்க வேண்டாம். ஆள் போதவில்லை.

சாயங்காலத்தில் பட்டாளத்து பேண்டு மைதானத்தில் பழகும். அண்ணன் வேலியோரமாக நின்று கேட்பான். அங்கே டிரம்பெட் ஊதிய பஞ்சாபிக்காரன் ஒருவன், அண்ணன் வயதுதான் இருக்கும், ஒரு நாள் சிரித்துக்கொண்டே டிரம்பெட்டை அவன் கையில் கொடுத்தான். அண்ணன் ஊதியதும் எருமைக்கன்று கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மைதானமே சிரித்தது. மறுநாளும் போய் நின்றான். மழைக்காலம் வருவதற்குள் அவன் ஊதுவதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை என்றாகிவிட்டது. அந்தப் படை பர்மா பக்கம் கிளம்பியபோது, நசுங்கிய வாத்தியங்களைப் பழைய சாமானோடு தள்ளிவிட்டுப் போனார்கள். அண்ணன் எங்களை வேலைக்கு வைத்த காண்டிராக்டரிடம் பேசி, கூலிக்குப் பதிலாக அவற்றை வாங்கி வந்தான். எங்கள் தெருவில் கைவந்தவர்களைச் சேர்த்துக்கொண்டான். எனக்கு டிரம் வந்து சேர்ந்தது.

பட்டாளத்து மார்ச்சைத்தான் அடித்தேன். ஆனால் என் கைக்குத் தெரிந்தது நைனாவின் அடி. அது தானாக உள்ளே வந்து புகுந்துகொள்ளும். வேலப்பன்சாவடியில் ஒரு செங்கல் சூளை மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்தில்தான் முதலில் வாசித்தோம். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், காலில் பட்டாளத்துப் பழைய பூட்ஸ். ஜனங்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சாவுக்கு மட்டுமே கூப்பிடப்பட்ட எங்களை ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு உட்காரவும் வைத்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம்தான்.

பறைக்கு நாங்கள் வருவதில்லை என்றானதும் பெரிய வீட்டுக்காரர் தம் நிலத்தில் எங்கள் தெரு ஆள் யாரும் கால் வைக்கக் கூடாது என்றார். ஆவடி வேலை இருந்ததால் பிழைத்தோம். இல்லையென்றால் அண்ணனை எங்கள் ஜனங்களே பறையை எடுக்க வைத்திருப்பார்கள். பசி அப்படிப்பட்டது.

பெரிய வீட்டுக்காரர் மேல் வந்த கோபத்தை விடப் பெரிய கோபம் பின்னால் வந்தது. பட்டணத்திலிருந்து கதர் கட்டிய ஒரு பெரிய மனிதர் எங்கள் தெருவைத் தேடி வந்தார். தமிழர்களின் பழைய வாத்தியங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவராம். கயிற்றுக் கட்டிலில் கூசாமல் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்லவர்தான். பறை கேட்க வேண்டும் என்றார்.

"நாங்க அத்த உட்டுட்டோம் சாமி. இப்ப பேண்டு வாசிக்கிறோம்" என்றான் அண்ணன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "வெள்ளைக்காரன் தூக்கி எறிஞ்ச தகரத்தை எடுத்து வச்சுக்கிட்டு, ஆதித் தமிழனோட கலையை விட்டுட்டீங்களே. இது பிழைப்பு அப்பா. அதுதான் கலை."

அண்ணன் நைனாவின் சாவைச் சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். அவர் கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அவர் சொன்னார்: "அது கொடுமைதான். ஆனா அந்தக் கொடுமைக்காகக் கலையை அழிச்சுடக் கூடாது. அது உங்க கையிலதான் இருக்கு."

அண்ணன் உள்ளே போய், சுவரில் தொங்கிய பறையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தான்.

"நீயே எட்த்துக்கினு போ சாமி. நாளைக்கு மேலத் தெருவுல ஒரு சாவு எட்க்கிறாங்க. வெயில்ல நின்னு நீ அடி. தண்ணி கேட்டா தூரமா நின்னு கையில ஊத்துவாங்க, குடிச்சிக்க. அப்பவும் அது கலையா இருந்திச்சின்னா, வந்து சொல்லு. நானும் அடிக்கிறேன்."

"நான் ஆராய்ச்சி செய்யறவன் அப்பா. வாசிக்கிறவன் இல்லை" என்றார் அவர். பறையை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்களைத் தொடாதவன் அதை அடி என்றான். எங்களைத் தொட்டவரும் அதையே அடி என்றார். எது கலை என்று முடிவு செய்ய ஆயிரம் பேர் இருந்தார்கள். அதை அடிக்கிறவன் விட நினைத்தால் விடலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. என் டிரம்மில் நைனாவின் அடி கேட்கிறதா என்று அந்த மனிதர் ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு பெரிய வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்குள் பேண்டு இல்லாத கல்யாணம் கௌரவக் குறைச்சல் என்றாகிவிட்டிருந்தது. அதே ஆள் சேரிக்கு வெளியே வந்து நின்று குரல் கொடுத்தான். ஐயா கூப்பிடுகிறார், ஆனால் பூட்ஸ் போடாமல் வர வேண்டும்.

"பூட்ஸோட தான் வாசிப்போம்னு சொல்லு" என்றான் அண்ணன். ஆள் போய்விட்டான்.

பெரிய வீட்டுக்காரர் பட்டணத்திலிருந்து பேண்டு வரவழைத்தார். கல்யாணத்தன்று எங்கள் தெரு முனையில் நின்று பார்த்தோம். லாரியிலிருந்து இறங்கியவர்களில் முன்னால் நின்று கிளாரினெட் வாசித்தவன் என் அண்ணிக்குக் கூடப் பிறந்தவன். பட்டணத்தில் சூளைப் பக்கம் குடியேறிய எங்கள் ஜனம். பூட்ஸ் மினுங்க ஊர்த் தெருவில் நடந்து போனார்கள். பெரிய வீட்டுக்காரர் எதிர்கொண்டு வந்து, தம் கையாலேயே அவனுக்குச் சந்தனம் கொடுத்தார்.

"பாத்தியா மச்சான சந்தனத்தோட?" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டணத்துப் பேண்டு என்ற பேருக்குக் கிடைத்த சந்தனம் அது. அவன் யார் என்று தெரிந்திருந்தால் அந்தக் கை என்ன செய்திருக்கும் என்பதைத்தான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.