ஒரு கப்பலும் தப்பாது

எங்கள் பெரியம்மா அன்னலட்சுமியின் ஒரே மகள் பூரணி. போர்நிறுத்தம் நிலைக்கும் என்று திருகோணமலை நம்பியிருந்த 2003ஆம் ஆண்டில், தாய்மாமன் பாக்கியரத்தினம் உட்துறைமுக வீதியில் திறந்த விடுதியின் இணையத்தளத்துக்கு அவளே வாசகம் எழுதினாள். வாசிக்க வேண்டியவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழ்ந்த நம்மவர்கள். 'சகல வசதிகளும் கொண்ட' என்று மாமா எழுதிக் கொடுத்ததை அவள் உடனே அழித்தாள்.

"ஏன் பிள்ளை, வசதி இல்லையோ?"

"எல்லாரும் அதைத்தானே மாமா எழுதுறாங்கள். இங்க வந்து நிண்டா என்ன தெரியும் எண்டு சொல்லுவம்."

மாடியில் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதினாள்: 'எங்கள் மாடியில் நின்றால் ஒரு கப்பலும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது.'

திரையில் அந்த வரி மடிந்து இரண்டாக விழுந்தது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

"உங்கள் கண்ணுக்கு எண்டதை வெட்டு. கண்ணாலை பாக்காமல் காதாலையோ பாக்கிறது?"

"வெட்டினா வேற கருத்து வரும் மாமா."

"உனக்குத் தமிழ் கூடிப்போச்சு."

தாமே விசையை அழுத்தி அழித்தார். அறைகள் நிரம்பின. விருந்தினர் அந்த வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்திறங்கினார்கள்.

2006இல் போர் மீண்டது. அச்சிட்ட அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி ஒருவரின் கைக்குப் போயிற்று. தப்பாது என்றால் நம் பேச்சில் பார்வைக்கு மறையாது என்றும் பொருள், உயிர் பிழைக்காது என்றும் பொருள். சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் இரண்டாவதை எழுதியிருந்தார். கடற்படை நின்ற துறைமுகத்தில் அது மிரட்டலாயிற்று. முதலில் மாமாவை அழைத்துப் போனார்கள். பின்னேரம் பெரியம்மாவின் வாசலில் நின்ற வாகனத்திலிருந்து அதிகாரியோடும் மொழிபெயர்த்தவரோடும் மாமாவும் இறங்கினார்.

"எழுதினது ஆர்?" என்று அதிகாரிக்காக மொழிபெயர்த்தவர் கேட்டார்.

"இவள்தான் சேர்."

"நான் எழுதினதிலை இன்னும் ரெண்டு சொல் இருந்தது. வெட்டினது நீங்கள் எண்டு சொல்லுங்கோ மாமா!"

"எனக்கு உந்தக் கம்பியூட்டர் ஒண்டும் தெரியாது சேர். சுவிட்ச் போடுறதும் இவள்தான்."

அதிகாரி சிரித்தார். பூரணியை ஏற்றிச் சென்றார்கள். அவள் தங்களிடம் வந்ததாக எந்த முகாமும் பின்னர் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியம்மா தம்பியின் வீட்டுக்கு நடையாய் நடந்தார்.

"அந்த ரெண்டு சொல்லை மட்டும் வந்து சொல்லு தம்பி. பிள்ளை உயிரோட இருந்தா விடுவாங்கள்."

"ரெண்டு சொல்லிலை என்ன அக்கா கிடக்கு? அதைச் சொல்லி நானும் உள்ளுக்குப் போகவோ? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

போர் முடிவதற்குச் சற்று முன்னர் பெரியம்மா காலமானார். மாமா கொள்ளி வைத்தார்.

அடுத்த ஆண்டு வெளிநாட்டு விருந்தினர் மீண்டும் வரத் தொடங்கினர். விடுதிக்குப் புதுச் சாயம் பூசப்பட்டது. இணையத்தளமும் திரும்ப எழுந்தது. முகப்பில் இடுவதற்கு மாமாவிடம் வேறு வாசகம் இருக்கவில்லை. இம்முறை அவர் எதையும் வெட்டவில்லை:

'எங்கள் மாடியில் நின்றால் ஒரு கப்பலும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது.'