நாற்பத்திரண்டு தாள்கள்

போன வாரம் கல்லூரியில் சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் நிரப்புவதுதான். எத்தனை கட்டுரை எழுதினாய், எத்தனை கருத்தரங்குக்குப் போனாய், மாணவர்கள் உனக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கேள்வி: ‘கடந்த ஓராண்டில் தொழில்நெறிக்கு மாறாக நடந்துகொண்டதுண்டா?’ பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். கடந்த ஓராண்டில் என்று கேட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். ‘இல்லை’யை அமுக்கினேன். அமுக்கிய விரலில் கருவாட்டு வாசனை. மதியத்துக்கு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுபோயிருந்தேன். சோப்பு போட்டும் போகவில்லை.

கருவாட்டு வாசனை என்றாலே எனக்குப் பசியாவரம்தான். பழவேற்காட்டில் படகு ஏறினால் ஏரிக்கு நடுவே வரும் தீவு. தேசப்பனின் ஊர்.

பொன்னேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நானும் அவனும் ஒரே வருடம் விலங்கியல் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். அது இன்று இல்லை. கட்டடத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நான் உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊர்க்காரன். இறாலைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இறாலின் நரம்பு மண்டலத்தைப் பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசுவேன். தேசப்பன் காலையில் ஏரியைக் கடந்து வரும்போதே ஒரு தூக்குவாளியில் உயிர் இறாலைத் தண்ணீரோடு கொண்டுவந்துவிடுவான். பக்கத்து வகுப்பிலிருந்து அவன் பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்கும். என் பிள்ளைகள் ஜன்னல் வழியே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதற்காக நான் எதையும் செய்யவில்லை. செய்ததற்குக் காரணம் வேறு.

அந்த வருடம் தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று கல்லூரியே பரபரத்தது. கிராமத்தில் ஏழு நாள் சேவை முகாம் நடத்தியதாக ஆவணம் வேண்டும். முதல்வர் எல்லோரையும் கூப்பிட்டு, பசியாவரத்துக்குப் போய்வரலாம், வரும்போது ஆளுக்கு நான்கு சட்டை கொண்டுவாருங்கள் என்றார். சட்டை எதற்கென்று படகில் போகும்போதுதான் புரிந்தது. முகாம் நடந்தது ஒரு காலைப்பொழுது; புகைப்படத்தில் மட்டும் ஏழு நாளாகத் தெரிய வேண்டும். வலை காயப்போட்டிருந்த இடத்தில் பேனரைக் கட்டி, ஒரு சட்டையில் மரக்கன்று நட்டோம், இன்னொரு சட்டையில் தெருப் பெருக்கினோம், மற்றொன்றில் கண் பரிசோதனை. படகு மறைவில் நின்று பொத்தான் மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா, “இன்னா சார், கல்யாணப் பொண்ணு கணக்கா மாத்திக்கினே கீறீங்கோ?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண் பரிசோதனை என்றால், ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தோம், அவ்வளவுதான். இலவசக் கண்ணாடி வரும் என்று சொல்லி வெள்ளைத் தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டோம். வலையில் அறுந்த கண்ணை எடுத்துக் கட்டுகிற பெண்களுக்குப் பார்வை மங்கினால் பிழைப்பு போச்சு. அதனால் வரிசையில் தள்ளுமுள்ளு. அதற்குப் பிறகு பல நாள் தேசப்பனின் அம்மா, “கண்ணாடி எப்படா வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அறிக்கை தயாரானது. கண்ணாடிகள் வழங்கப்பட்டன என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் தேசப்பன் கையெழுத்துப் போட வேண்டும். அவன் பேனாவை மேசைமேல் வைத்தான்.

“எங்க ஜனம் கண்ணாடி போட்டுக்கினதா எழுதிட்டா, நாளைக்கு நெஜமாவே குடுக்க வர்றவன் திரும்பிப் பூடுவான் சார். நான் போட மாட்டேன்.”

“எல்லாரும் போட்டாச்சு, தேசப்பன்” என்றார் முதல்வர்.

“அவங்கோ ஊரு இல்ல சார் அது.”

எல்லோரும் என்பதில் நானும் உண்டு. என் கையெழுத்து மூன்றாவதாக இருந்தது.

முதல்வர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் என்னைத் தேர்வு அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கட்டு. ஒன்று, தேசப்பனைப் பற்றி மாணவர்கள் எழுதிக்கொடுத்த கருத்துப் படிவங்கள், நாற்பத்திரண்டு. இன்னொன்று, அதே படிவம், காலியாக.

“நீங்க ரெண்டு பேரும் சிநேகிதம். அதனாலதான் உங்ககிட்ட குடுக்கறேன். வெளிய போகாது” என்றார். பிறகு, “கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு போல?” என்று கேட்டார்.

அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை கல்லூரி விரிவுரையாளர் என்று பொன் எழுத்தில். எங்கள் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பிள்ளைகள் எழுதியதைப் படித்தேன். படிக்காமல் கிழித்திருக்கலாம். படித்துவிட்டுத்தான் கிழித்தேன். பிறகு எழுத ஆரம்பித்தேன். நீலம், கறுப்பு, பென்சில். சிலவற்றை இடது கையால். வேண்டுமென்றே சில எழுத்துப் பிழைகள். பெண்பிள்ளைகள் எழுதுவது போல உருட்டி உருட்டிச் சில. நடத்துவது புரியவில்லை. நேரத்துக்கு வருவதில்லை. பாடத்தை முடிக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாதிக்கு மேல் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மாணவனை மனதில் கற்பனை செய்துகொண்டு எழுதினேன். முதல்வர் வந்து பார்த்து, “அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே!” என்றார்.

அடுத்த வாரம் மதிப்பீட்டுக் கூட்டம். துறை சார்பாக நானும் உட்கார வேண்டும் என்றார்கள். தேசப்பன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். முதலில் குழப்பம்தான் தெரிந்தது முகத்தில். பத்துப் பன்னிரண்டு தாள் போனதும் நின்றான். ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்தான்.

எனக்கு ஒரு பழக்கம். அப்பா கடிதம் எழுதுகிற முறையைப் பார்த்தே எழுதப் பழகியவன். அவர் ‘லை’யைப் பழைய மாதிரி, தும்பிக்கை தூக்கிய யானை போலப் போடுவார். நானும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளின் காலத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. என்னைத் தேசப்பனே அதற்காகக் கேலி செய்திருக்கிறான். கையை மாற்றினேன், மையை மாற்றினேன், யானையை மறந்துபோனேன். ‘புரியவில்லை’ என்று எழுதிய தாளில் எல்லாம் அது நின்றுகொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நானும் போயிருப்பேன், முதல்வரும் மாட்டியிருப்பார். அவன் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி வைத்தான்.

“பசங்கோ எழுதினதுன்னா ஒத்துக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன்தான் கேட்டான்.

“கல்யாணம் எப்போ?”

“வர்ற தை.”

“சரி” என்றான். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான். அவன் வேலையை அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் எனக்கு ‘மிகச் சிறப்பு’. சக ஊழியரோடு ஒத்துழைப்பு என்ற தலைப்பில் முழு மதிப்பெண்.

அவன் ஆரம்பாக்கம் பக்கம் ஒரு இறால் பண்ணையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தான், அப்புறம் அண்ணன்மாரோடு வலைக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் வேறு கல்லூரி, வேறு பதவி என்று மேலே வந்தேன். இன்று மற்ற கல்லூரிகளுக்குப் போய் மதிப்பீடு செய்கிற குழுவில் இருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ரயிலில் ஒரு பழைய மாணவன் சொல்லித்தான் தெரியும். நெஞ்சுவலியாம். படகில் பழவேற்காட்டுக்குக் கொண்டுவருவதற்குள் தேசப்பன் போய்விட்டானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாவரம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் படகு ஏறினேன். அவன் மனைவி மல்லிகா என் பெயரைச் சொன்னதும் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உங்கள பத்தி அவரு நெறைய சொல்வாரு சார். நல்ல சிநேகிதம்னு. வேலைய நானே உட்டுட்டேன், அங்க ஒத்து வரலனு சொன்னாரு.”

யாரிடமும் சொல்லவில்லை அவன். நண்டுக் குழம்பு வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டேன்.

கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள் தேவி சுவரோரம் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவி வந்ததும் கேட்டாள்.

“நான் பொறக்கறதுக்கு முன்னயே நைனா வேலைய உட்டுட்டாரு. பசங்கோ நைனாவ பத்தி இன்னா சொல்வாங்கோ சார்?”

உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொன்னேன். நண்டை அறுப்பதற்கு முன் சார் நண்டிடம் மன்னிப்புக் கேட்பார் என்று ஒருவன். சார் மட்டும்தான் புரியாவிட்டால் இரண்டாம் தடவை சொல்வார் என்று ஒரு பெண். சார் விடுமுறை எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் ஒன்று. என் அப்பாவும் வலை வீசுகிறவர், அதை வகுப்பில் சத்தமாகச் சொல்லலாம் என்று சாரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று இன்னொன்று.

மல்லிகா அழுதுகொண்டிருந்தார். “எழுதியே குடுத்தாங்களா? அந்தத் தாளெல்லாம் கீதா சார்?”

“காலேஜ் மூடும்போது போயிடுச்சும்மா” என்றேன். அங்கேயும் பொய்.

தேவி உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். “அப்ப நீங்களே எழுதிக் குடுங்க சார்.”

நான்கையும் எழுதினேன். அவள் குனிந்து படித்துவிட்டு, “வேற?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து இட்டுக்கட்டி எழுத என்னால் முடியும், பழகிய கைதான். பேனாவை மூடி அவளிடம் கொடுத்தேன். மீதி முப்பத்தெட்டுப் பேர் தேசப்பனைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது.