எம்.எல்.ஏ.வுக்கு ஒரு சீர்த்தட்டு

கரிக்கலாம்பாக்கத்தில் சீர்வரிசைத் தட்டுகளை அலங்கரித்து வாடகைக்கு விடுகிற ஆரோக்கியசெல்விக்கு எதையும் அழகில்லாமல் அடுக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பின்சுவரோரம் பொறுக்கிய போதைப் பாக்கெட் உறைகளைக்கூடத் தாமரைப்பூவாகத்தான் மடித்து அடுக்கினாள். மேலே கண்ணாடித்தாள் சுற்றி ரோஸ் ரிப்பனும் கட்டினாள்.

அந்தத் தட்டு எம்.எல்.ஏ. வீட்டுக்கு. தம்பி பிரிட்டோ மறுவாழ்வு மையத்திலிருந்து மறுநாள் வீடு திரும்புகிறான். போதைப் பாக்கெட் விற்று அவனைக் கெடுத்த தெருமுனைக் கடையோ அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடியும் திறந்துவிட்டது. அப்படிப்பட்ட கடையை ஒரேயடியாக மூடச் சட்டம் வேண்டும் என்று அவள் கொடுத்த மனுக்களெல்லாம் எம்.எல்.ஏ. ஆபீசில் தூங்கின. சீர் கொண்டுபோனால் யாராவது வேண்டாமென்பார்களா? தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மேளதாளத்தோடு போவதாக ஏற்பாடு.

அதற்கு முன் வாடிக்கைக்காரி புவனேஸ்வரியின் மகள் அர்ச்சனாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அந்தத் தட்டுகளும் இந்தத் தட்டும் ஒரே ஆட்டோவில் ஏறின. மண்டபத்து வாசலில் மேளம் கொட்டியதும் பெண்கள் ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். தாமரையும் மேடையேறிவிட்டது.

செல்வி பதறியடித்து ஓடினாள். மேடையில் எம்.எல்.ஏ.வே நின்றிருந்தார். தொகுதியில் ஒரு காதுகுத்தைக்கூடத் தவறவிடாத மனுஷர்.

"இன்னாம்மா இது, டிசைனு புதுசா கீது! சாக்லேட்டா?" என்று ரிப்பனை அவிழ்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். அவர் போட்ட தும்மலை மைக் ஊருக்கே சொன்னது.

"அடிப்பாவி! எம்பொண்ணு சீருல இன்னாடி குப்பைய வெச்சிகிற?" என்று அலறினாள் புவனேஸ்வரி.

"குப்பைதான்க்கா. உம்பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுவத்தாண்ட பொறுக்குனது." செல்விக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இது எம்.எல்.ஏ. அண்ணனுக்கு எடுத்த சீரு. தட்டு மாறிப்போச்சு."

புவனேஸ்வரி தட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி மாறிச்சி? ஆளு இங்கதான கீறாரு. அண்ணே, வாங்கிக்கங்க!"

மண்டபமே கைதட்டியது. என்ன ஏதென்று தெரியாமல் மேளக்காரர் சாமிக்கண்ணு கெட்டிமேளம் கொட்டிவிட்டார். எம்.எல்.ஏ. புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"சட்டசபையில பேசறேம்மா."

"பேசுங்கண்ணே. ஆனா தட்டு வாடகைத் தட்டு, எனக்குத் திரும்பி வரணும்," என்றாள் செல்வி. "சீர்த்தட்ட வெறுசா திருப்பக்கூடாது. உங்க வூட்லயும் அதான வழக்கம்? சட்டத்த வெச்சிக் குடுங்க."

மறுநாள் வீடு திரும்பும் பஸ்ஸில் இதைக் கேட்டு பிரிட்டோ சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். தெருமுனைக் கடை திறந்துதான் இருந்தது. தம்பியின் கையை விடாமல் அதைத் தாண்டியவள், மறுகையால் போனை எடுத்தாள்.

"அண்ணே, தட்டு?"