காற்று நல்லதுதானே

தக்கலையில் ஃபேன் கடை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் வடக்கே, மரமில்லாத சமவெளி ஊர் ஒன்றில் மகள் படிக்கிறாள். இங்கே மாலை ஏழு மணியானால் அவளுக்கு விடிந்துவிடும். அவள் ஊர்க் குளிரைப் போனில் பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்கொரு பெருமை.

அன்று, "மப்ளர் சுத்தணுமாப்பா?" என்றாள்.

"வேண்டாம் மக்கா, நேத்தைக்கு உள்ள குளிருதான். காத்து கொஞ்சம் கூடுதலு. காத்து நல்லதுதானே, போ."

அவள் கிளம்பிய பிறகுதான் கீழே இருந்த சிவப்பு வரியை வாசித்தேன். இந்தக் காற்றில் மூடாத தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். அழைத்தேன். அவள் போன் அணைந்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். தலைக்கு மேல் ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் காற்றைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அவள் குரல். "அப்பா, குளிருல போன் ஆஃப் ஆயிட்டு. பஸ்ஸும் வரல்ல. ரோட்டுல போன ஒரு அம்மா காருல ஏத்துனாவ. காதுதான் மரத்துப் போச்சு."



இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் ஃபேனுக்கு அடியில் நின்று, "நல்ல காத்து" என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். கை தானாகப் போனைத் தேடுகிறது.